கோபம் வந்ததா, கத்தினீர்களா?

கேள்வி: எனக்கு 38 வயது. அலுவலகத்தில் நான்கு பேர் என் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். எட்டு மாதமாக நேர்மறைச் சிந்தனையைப் பழகி வருகிறேன். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, "நான் அமைதியானவள், எல்லோரையும் நேசிப்பவள்" என்று இருபது முறை சொல்கிறேன். ஆனால் போன வாரம் ஓர் அறிக்கை இரண்டு நாள் தாமதமாகப் போனதற்காக, எல்லோர் முன்னாலும் ஓர் இளம் ஊழியரிடம் கத்திவிட்டேன். கடைசித் தேதி மாறிய தகவல் எனக்குத்தான் வந்திருந்தது, அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. இருந்தாலும் அவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? இதை வீட்டில் சொன்னபோது 14 வயது மகன், "நீ எப்பவுமே அடுத்தவங்களைத்தான்மா சொல்லுவ" என்றான். அது மனதைவிட்டுப் போகவில்லை. எல்லாப் பழியையும் நானே சுமந்தால் நொறுங்கிவிடுவேன். கனிவாக இருந்தால் தலையில் ஏறி உட்காருவார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. "ஓர் இளம் ஊழியரிடம் கத்திவிட்டேன்" என்பது ஒன்று. "அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று" என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறார். இரண்டாவதில் ஆளையே காணோம், தகவல் தானாகவே விட்டுப்போயிருக்கிறது. உங்கள் மகனின் காதில் விழுந்தது இந்த இரண்டாவது வகை வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழில் இப்படி நழுவுவது மிக எளிது. "மறந்துபோச்சு", "லேட்டாயிடுச்சு", "கோபம் வந்துடுச்சு", "வாய் தவறிடுச்சு" என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். கோபம் எங்கிருந்தோ கிளம்பி வந்தது, வாய் தானாகத் தவறியது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தது நினைவிருக்கும். "உடைந்தது" என்றால் பொருள் தானாக உடைந்தது. அந்த மெல்லினம் வல்லினமாகி "உடைத்தேன்" என்று ஆகும்போதுதான் கை யாருடையது என்று தெரிகிறது. கோபம் வந்ததென்னவோ உண்மைதான், அதை வரவழைத்தவர் நீங்கள் இல்லை. ஆனால் கத்தியது நீங்கள். பொறுப்பு என்று நான் சொல்வது இந்த இரண்டாவது வினைச்சொல்லை மட்டும்தான்.

ஆகவே இங்கிருந்தே தொடங்குங்கள். நீங்கள் நேர்மறை எண்ணத்தை முதலில் வைத்து, அது கனிவைக் கொண்டுவரும், கனிவு வந்தால் தவறுகள் தாமாகக் குறையும் என்று எட்டு மாதமாகக் காத்திருக்கிறீர்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. செய்ததைச் செய்தேன் என்று சொல்லப் பழகினால் அடுத்தவரிடம் கனிவு காட்ட இடம் கிடைக்கும். தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க அதன்பிறகுதான் கையில் ஆதாரம் சேரும்.

கண்ணாடி முன் சொல்லும் வாக்கியத்தை இன்றோடு நிறுத்திவிடலாம். உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவள்" போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், ஏற்கெனவே தன்மதிப்புக் குறைந்திருந்தவர்கள் முன்பைவிடச் சோர்ந்துதான் போனார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் மனம் உடனே எதிர்ச் சாட்சிகளைக் கூப்பிடும். "நான் அமைதியானவள்" என்று நீங்கள் சொன்னதும் போன வாரக் காட்சி முன்னால் வந்து நிற்கும். இருபது முறை சொன்னால் இருபது முறை நிற்கும்.

வெற்றியைக் கற்பனையில் கண்டு மகிழ்வதற்கும் இப்படி ஒரு விலை உண்டு. எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களைப் பற்றி காப்ரியேல் எட்டிங்கன் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மெலிந்த தோற்றத்தை இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மெலிந்தார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களோ அதிகம் மெலிந்தார்கள். கற்பனை, காரியம் முடிந்துவிட்டது போன்ற நிம்மதியைத் தந்து ஊக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. எதிர்பார்ப்பு, செய்து பார்த்த அனுபவத்தில் ஊன்றி நிற்கிறது. நமக்கு வேண்டியது எதிர்பார்ப்பு. அதற்கு அனுபவம் வேண்டும்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். இரவில் பத்து நிமிடம், ஒரு நோட்டு, பேனா. அன்று மனதை உறுத்திய ஒரே ஒரு நிகழ்ச்சியை ஐந்தாறு வரியில், வந்தது வந்தபடி எழுதுங்கள். எழுதியபின் செய்தவர் இல்லாத வினைச்சொற்களுக்கு அடியில் கோடிடுங்கள். அவற்றில் செய்தவர் நீங்களாக இருக்கும் இடங்களில் மட்டும் "நான்" போட்டுத் திருத்துங்கள். அங்கே ஒரு வீடியோ கேமரா இருந்திருந்தால் பதிவாகியிருக்கக் கூடியதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. உங்கள் போன வாரம் இப்படி வரும்:

"தேதி மாறியதாக எனக்குத் தகவல் வந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அறிக்கை இரண்டு நாள் தாமதமாகப் போனது. காரணத்தை விசாரிக்காமல், மற்ற மூவர் முன்னிலையில் நான் அவரிடம் கத்தினேன்."

இதில் "நான் மோசமானவள்" என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமராவில் அது பதிவாகாது. நொறுங்கிவிடுவேன் என்ற உங்கள் பயத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் ஜூன் டாங்னி போன்றவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: "நான் செய்தது தவறு" என்று உணர்பவர்கள் மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் முன்வருகிறார்கள். "நானே தவறானவள்" என்று உணர்பவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள், அல்லது பழியைத் தூக்கி அடுத்தவர் மேல் போடுகிறார்கள். நீங்கள் அந்த இளைஞரைக் குறை சொன்னது உங்களை அளவுக்கு மீறி நேசிப்பதால் இல்லை. தவறை ஒப்புக்கொண்டால் முழு ஆளாகவே தோற்றுவிடுவோம் என்ற பயத்தால்தான்.

"அவரும் கேட்டிருக்கலாம்" என்பது உண்மையாகவே இருக்கலாம். அதையும் எழுதுங்கள், ஆனால் உங்கள் பங்கை எழுதி முடித்த பிறகு. எதற்கெடுத்தாலும் தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு நான் இதைத் திருப்பிச் சொல்வேன்: பிறர் பங்கு, சூழ்நிலையின் பங்கு எல்லாவற்றையும் முதலில் எழுதி, கடைசியில் மிச்சம் இருப்பதே உங்களுடையது என்று. உங்களுக்கு அந்த வரிசை ஆகாது. பங்குகளுக்குச் சதவீதம் போடவும் இறங்காதீர்கள். 60-ஆ 40-ஆ என்று தொடங்கினால் மனதுக்குள் வழக்குதான் நடக்கும், வேலை நடக்காது.

அடுத்தது மன்னிப்பு. இது தள்ளிப்போடக் கூடியது இல்லை, ஏற்கெனவே ஒரு வாரம் ஆகிவிட்டது. மன்னிப்பின் ஆறு கூறுகளை ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஒப்புக்கொள்வது, இனி செய்ய மாட்டேன் என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. அதிகம் எடுபட்டது பொறுப்பை ஒப்புக்கொள்வதுதான், அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மன்னிக்கும்படி கேட்பது கடைசியில் நின்றது. நம்மில் பலர் அந்தக் கடைசியில்தான் ஆரம்பிக்கிறோம். "மனசுல வெச்சுக்காதீங்க" என்பது அடிபட்டவர் கையில் இன்னொரு வேலையைக் கொடுப்பது.

கத்தியபோது இருந்த மூவரும் இருக்கும்போதே சொல்லுங்கள். அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னால், அவமானம் ஊருக்கு, மன்னிப்பு மட்டும் அறைக்குள் என்றாகிவிடும். ஆனால் முதலில் அவரைத் தனியே சந்தித்து, எல்லோர் முன்னும் சொல்லவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது இரண்டாவது சங்கடம். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. "தேதி மாறினது எனக்குத் தெரியும். உங்ககிட்ட நான் சொல்லலை. தாமதத்துக்குக் காரணம் நான். விசாரிக்காம எல்லார் முன்னாடியும் கத்தினேன், அது தப்பு. இனி தேதி மாறினா அன்னிக்கே நாலு பேருக்கும் எழுத்துல அனுப்புறேன்." இவ்வளவு போதும்.

கெடுப்பது எதுவென்றால், "ஆனால்" என்ற ஒரே சொல். "நான் செஞ்சது தப்புதான், ஆனா நீங்களும்..." என்றால், கேட்பவர் காதில் "ஆனா"வுக்குப் பிறகு வந்தது மட்டுமே தங்கும். "உங்களுக்குக் கஷ்டமா இருந்திருந்தா..." என்பதும் அப்படியே. கஷ்டப்பட்டது அவருடைய பலவீனம் போல ஆகிவிடுகிறது. வேலைப்பளு, தூக்கமின்மை எல்லாம் நிஜமாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. அவர் கேட்காமல் விட்டதைப் பற்றிப் பேச வேண்டுமா? இன்னொரு நாள், தனியாக.

அப்படிப் பேசும்போதுதான் "தலையில் ஏறி உட்காருவார்கள்" என்ற கவலை வரும். கனிவு என்பது தரத்தைத் தளர்த்துவது என்று நினைப்பதால் வரும் கவலை இது. நடந்ததையும் அதன் விளைவையும் சொல்லி, வேண்டியதைக் கேட்பதும் கனிவுதான்: "புதன்கிழமைக்குள் தேதி உறுதியாகலைன்னா எனக்கு நினைவுபடுத்துங்க. இல்லாட்டி கடைசி நாள்ல எல்லாரும் மாட்டிக்கிறோம்." இதில் விட்டுக்கொடுத்தது எதுவும் இல்லை. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் மட்டும்தான் இல்லை. அடுத்தவர் தவறினால் அவர் குணத்தையும், நாம் தவறினால் சூழ்நிலையையும் காரணமாகப் பார்க்கும் சாய்வு நம்மில் பலரிடம் உண்டு. உங்களுக்கு வந்த சூழ்நிலை அவருக்கும் வந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பதே பாதிக் கனிவு.

கனிவைப் பழக ஒரு கணக்கும் உண்டு. சோன்யா லியுபோமிர்ஸ்கியின் ஆய்வொன்றில், வாரத்துக்கு ஐந்து நற்செயல்கள் வீதம் ஆறு வாரம் செய்தவர்களில், ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்குக் கூடவில்லை. பரப்பினால் அவை அன்றாடத்தில் கரைந்துவிடுகின்றன போலும். வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருடைய வேலையைக் குறிப்பாகப் பாராட்டி இரண்டு வரி எழுதுவது, காத்திருப்பவருக்குப் பதில் அனுப்புவது, மகன் பேசும்போது போனைக் கவிழ்த்து வைப்பது என்று சிறியவையாக இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் மாற்றிக்கொள்ளுங்கள். அதே ஐந்தைத் திரும்பச் செய்தால் சடங்காகிவிடும்.

கோபம் வரும் அந்தக் கணத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. "இனி கத்த மாட்டேன்" என்ற தீர்மானம் அங்கே நிற்காது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் கரடிதான் வரும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-லேயே காட்டிவிட்டார். செய்யக் கூடாததை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதை ஓர் அடையாளத்தோடு முடிச்சுப் போட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் வகுத்த "இது நடந்தால் இதைச் செய்வேன்" முறை அதுதான். "ஒரு தவறு என் கண்ணில் பட்டால், எழுந்து போகும் முன் என் அஞ்சல் பெட்டியைத் திறந்து, என்னிடமிருந்து என்ன தகவல் போனது என்று பார்ப்பேன்." அடையாளம் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். "கோபம் வந்தால்" என்று எழுதினால், கோபம் வந்ததைக் கவனிக்கும்போது நீங்கள் பாதி கத்தி முடித்திருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒரு முடிச்சு போதும். மூன்று போட்டால் மூன்றும் அவிழும்.

காலையில் சொல்ல ஏதாவது வேண்டும் என்றால், அன்று மாலைக்குள் சரிபார்க்கக் கூடிய வாக்கியமாகச் சொல்லுங்கள்: "இன்றைய கூட்டத்தில் யாரையும் இடையில் மறிக்காமல் கேட்பேன்." மாலையில் நடந்ததா, இல்லையா என்று நோட்டில் ஒரு சொல். இதுதான் நான் சொன்ன ஆதாரம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பிலிப்பா லாலியும் சகாக்களும் பழக்கம் உருவாவதைக் கவனித்தபோது, நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாள் மனம் உடைய வேண்டாம். அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. தவறிய அன்று நோட்டில் "விட்டுப்போச்சு" என்று எழுதாதீர்கள். "இன்று எழுதவில்லை" என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களை அடிப்பவர், மிரட்டுபவர் விஷயத்தில் இந்தப் பயிற்சி பொருந்தாது. அங்கே உங்கள் பங்கைத் தேடவே கூடாது. அதேபோல், தூக்கமின்மையும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி நீடித்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ, நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மகனிடம் இன்றிரவே பேசிவிடலாம். "அன்னிக்கு நீ சொன்னது சரி. தேதி மாறினதை நான்தான் அவர்கிட்ட சொல்லலை." இவ்வளவுதான். நீதான் என் கண்ணைத் திறந்தாய் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம், 14 வயதுப் பிள்ளைக்கு அது பாரம். அவன் "ம்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடலாம். போகட்டும். பின்னாலேயே போய் வேறு எதுவும் கேட்காதீர்கள்.