காலை நீட்டக் காசு கட்டலாமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் சென்னையிலிருந்து துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறோம். அவருக்கு 68 வயது, நல்ல உயரம், முட்டி வலியும் உண்டு. வீல்சேர் உதவி கேட்டு வைத்திருக்கிறோம். காலை நீட்ட இடமுள்ள சீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா, வீண் செலவா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டலாம், ஆனால் முழுப் பயணத்துக்கும் வேண்டாம். சீட் கட்டணத்தை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகத்தான் போடுவார்கள். சென்னை–துபாய் நாலு மணி நேரம், அதைச் சமாளித்துவிடலாம். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 16 மணி நேரம், பணத்தை அங்கே செலவழியுங்கள்.

ஆனால் ஒன்று, எமர்ஜென்சி கதவு வரிசையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறக்க உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள். வீல்சேர் கேட்டவருக்கு அது கிடையாது, பணம் கட்டியிருந்தாலும் கடைசி நேரத்தில் எழுப்பி எங்கேயாவது நடு சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆனது, பெரியம்மா ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் என்று இரவு முழுக்கத் தவித்துப் போனார்கள். இதைப் பிள்ளைகள் இணையத்தில் புக் பண்ணும்போது கவனிப்பதே இல்லை.

அடுத்து, தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை. முன்னால் யாரும் சாய மாட்டார்கள், அது நிம்மதிதான். ஆனால் கைக்குழந்தைக்கான தொட்டில் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான், மாத்திரைப் பையைக்கூட விமானம் கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் மேலே வைக்கச் சொல்வார்கள், சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது, சீட்டும் கொஞ்சம் குறுகலாகத்தான் இருக்கும்.

கால் இடம் வேறு, அகலம் வேறு என்பதையும் பாருங்கள். நீண்ட தூர எகானமியில் ஒரு சீட்டுக்கும் அதற்கு முன்னால் உள்ள சீட்டுக்கும் 31, 32 அங்குலம் இருக்கும், கூடுதல் பணம் கட்டினால் 34 முதல் 36 வரை கிடைக்கும், அகலம் அதே 17, 18தான். தோள் இடிக்கிறது என்பவருக்கு இது உதவாது, அவருக்கு எகானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமி வகுப்புதான் சரி. அதில் 38 அங்குலத்தை ஒட்டி இடமும் கூடுதல் அகலமும் உண்டு. டிக்கெட் பல சமயம் ஒன்றரை மடங்கு, அதற்கும் மேலே போகும், மகள் எடுத்துத் தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள்.

அது கட்டுப்படியாகாவிட்டால் நான் சொல்வது நடைவழி ஓர சீட். அவருக்கு வலி எந்த முட்டியில் அதிகமோ அந்தக் கால் நடைவழிப் பக்கம் வருகிற மாதிரி எடுங்கள், வண்டி தள்ளிக்கொண்டு வராத நேரத்தில் அப்படியே நீட்டிக்கொள்ளலாம், யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். நடப்பதுதான் முக்கியம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களில் இது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். ஆனாலும் இந்த வயதில் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இறுக்கமான காலுறை தேவையா என்று அவரே சொல்லுவார்.

கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நிறுவனம் வேறு விமானத்தை விட்டால் சீட்டும் மாறிப்போகும், அப்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: வாராவாரம் கோவை–சென்னை பறக்கிறேன். எனக்கும் இது தேவையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை. ஒரு மணி நேரத்துச் சொச்சம், பெல்ட் விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், முட்டி முன் சீட்டில் இடிக்கிறது என்றால் மட்டும் கட்டுங்கள்.