மூக்கடைப்புக்குச் செண்பகப்பூ கொதிக்க வைக்கலாமா?

வணக்கம் சகோதரி. சைனஸ் மூக்கடைப்புக்கு மக்னோலியா நல்லது என்று படித்துவிட்டு, ரங்கூன் சந்தையில் வாங்கிய செண்பகப்பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பர்மியர் சகா என்று சொல்லும் நம் செண்பகமும் மக்னோலியா இனம்தான். ஆனால் சீன வைத்தியர்கள் மூக்குக்குக் கொடுப்பது அதே இனத்தில் வேறு மரங்களின் விரியாத மொட்டு. ஷின்-யி என்பார்கள். தூரிகை நுனி மாதிரி கூம்பி, மேலெல்லாம் மெத்தென்ற ரோமம் மூடியிருக்கும். அந்த ரோமம் தொண்டையில் பட்டால் அரிக்கும். அதனால் மெல்லிய துணியில் முடிந்துதான் கொதிக்க விட வேண்டும். ரங்கூனில் சீனர் பகுதியான லத்தா பக்கம் சீன மருந்துக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், அளவை வைத்தியரே சொல்லட்டும். கர்ப்பமாக இருந்தால் தொடவே வேண்டாம். அப்புறம், வாங்கிய செண்பகத்தை வீணாக்காதீர்கள். சளி இறங்கின பிறகு தேங்காயெண்ணெயில் ஊறவிட்டுத் தலைக்குத் தேய்க்கலாம், அம்மா அப்படித்தான் செய்வார். காய்ச்சலோடு கண்ணைச் சுற்றி வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.