ஓடிக்கொண்டே நின்றுபோகும் பழைய வண்டி: கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று பாயிண்டும் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை வெட்டி விடும் சின்ன சுவிட்ச்) கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வைத்த எந்த வண்டியாக இருந்தாலும் கேளுங்கள். டீசல் எனக்குத் தெரியாது. என்னென்ன மாற்றினீர்கள் என்பதைவிட வண்டி எப்படி நின்றது என்று எழுதினால் பதில் சொல்ல வசதி.

மதுரை, பத்மினி: அண்ணா, 20 கிலோமீட்டர் ஓடியதும் ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டர் கிட், பெட்ரோல் பம்ப், நான்கு பிளக் எல்லாம் மாற்றியாயிற்று.

பதில்: மூன்றையும் வண்டி நன்றாக இருக்கும்போது வீட்டு வாசலில் வைத்து மாற்றியிருக்கிறீர்கள். அப்போது நோயே இல்லையே, போனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பார்க்க வேண்டிய நேரம் வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடம். டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

லைட்டை அணைத்தது போல டக்கென்று நின்றதா, இல்லை இருமிக் குலுங்கி, ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் பிடித்து, அப்புறம் நின்றதா? முதலாவது பெரும்பாலும் கரண்ட் பக்கம், இரண்டாவது பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். நின்றவுடன் பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியின் நடு வயரைக் கழற்றி, காய்ந்த மரக்குச்சியாலோ ரப்பர் பிடி இடுக்கியாலோ பிடித்து, அதன் முனையை இன்ஜின் இரும்புக்கு 5, 6 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாகத் தெறித்தால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். பெட்ரோல் ஒழுகும் வாசனை இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

சூட்டில் நின்று ஆறினால் ஓடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் காயில், அதாவது பேட்டரி கரண்டை ஸ்பார்க் அடிக்கும் அளவுக்கு உயர்த்தும் டப்பா. 12 வோல்ட் முழுக் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) சுமார் 3 ஓம் காட்டும். பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்கும் தடை) போடவேண்டிய காயில் 1.5 ஓம் அளவில் இருக்கும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி டப்பாவாகத் தெரியும். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் இரண்டு மடங்கு கரண்ட் இழுத்து வெந்துபோகும், பாயிண்டும் சேர்ந்து கருகும். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சேலம், அம்பாசடர்: ஐடிலிங் அருமை. மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கிறது, சில சமயம் நின்றேவிடுகிறது. பட்டறையில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லை.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. என் அம்பாசடர் திண்டிவனம் தாண்டி ஒரே நாளில் மூன்று முறை இப்படி நின்றது. அதற்கு முன் ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு தடவை பிரித்துக் கழுவியிருந்தார்கள். சாலையோரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் விரல் நீள வயர் பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். மேல் உறை ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இழை அறுந்து, முனைகள் இரண்டும் தொட்டும் தொடாமலும் கிடந்தன.

பாயிண்ட் உட்காரும் தட்டை, இன்ஜின் உறிஞ்சும் இழுப்பால் வேலை செய்யும் வேக்குவம் டப்பா ஒரு கம்பியால் இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் தட்டு திரும்புகிறது, வயரும் அதோடு மடங்குகிறது. பல வருடம் மடங்கிய செம்பு உள்ளேயே அறும். ஐடிலிங்கில் தட்டு அசையாது, அதனால் பட்டறையில் பிடிபடாது. வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து ஓட்டையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெட்டுவது நின்றால் அந்த வயர்தான். தட்டை எர்த் செய்யும் குட்டி வயரும் இதே மாதிரி அறும், அதையும் இழுத்துப் பாருங்கள். புதிதாகப் போடும்போது மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையும் வயராகப் போடுங்கள், வீட்டு வயரிங் கம்பி இரண்டு மாதம் தாங்காது. மூடி திறந்திருக்கும்போதே பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைத்துவிடுங்கள்.

சென்னை, ஹெரால்டு: ஹைவேயில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் இழுவை குறைந்து நிற்கிறது.

பதில்: நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் டேங்குக்குள் துரு இருக்கலாம். ஓடும்போது உறிஞ்சுகுழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நின்றால் கீழே படிந்துவிடும். நம் சென்னையில் செய்த வண்டி, முன்பக்கம் முழுவதும் தூக்கித் திறக்கும். இவ்வளவு வசதியாக வேலை பார்க்க வேறு வண்டி கிடையாது, நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: மாருதி 800, இன்ஜெக்‌ஷன் மாடல். ஓடும்போது...

பதில்: ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். என் துறை இல்லை.

ஈரோடு, பத்மினி: இந்த எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்துதான் எல்லாப் பழைய வண்டியும் நிற்கிறது. நீங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லையே?

பதில்: பேசுகிறேன். 20 சதவீதம் எத்தனால் பழைய ரப்பர் குழாயை ஊறவைக்கும், பம்ப் டயாஃபிரத்தைக் கெடுக்கும், டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன், அதனால் கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளை) கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்துபோகும். ரப்பர் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், தண்ணீரை இழுத்து அடியில் பிரிந்து நிற்கும். ஆனால் டக்கென்று நிற்கும் வண்டிக்கு எத்தனாலைக் குறை சொல்லாதீர்கள். அறுந்த வயருக்கு எந்தப் பெட்ரோல் போட்டாலும் ஒன்றுதான்.

குன்னூர், அம்பாசடர்: ஐயா, 30 வருடம் மலையில் டாக்ஸி ஓட்டியவன். கல்லாறு தாண்டி ஏறும்போது நின்றால் ஈரத்துணியை ஏசி பம்ப் (இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்) மேல் போடுவோம், பத்து நிமிடத்தில் கிளம்பும். அது ஏர் லாக், பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. நீங்கள் எல்லாவற்றையும் காயில் தலையில் கட்டுகிறீர்கள்.

பதில்: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? காயிலும் ஆறியது, பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சரும் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன டப்பா) ஆறியது. துணி போடாமல் பத்து நிமிடம் நின்றிருந்தாலும் கிளம்பியிருக்கலாம். துணி குணப்படுத்தியதா, நேரம் குணப்படுத்தியதா?

ஈரோடு: அண்ணன் சொல்வது சரி. எத்தனால் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும்.

குன்னூர்: துணி போடாமலும் நின்று பார்த்திருக்கிறேன் ஐயா, முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமென்றால் பாட்டில் தண்ணீரைப் பம்ப் மேல் ஊற்றி உடனே செல்ஃப் அடிப்பேன். பத்து எண்ணுவதற்குள் பிடிக்கும்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாதாடியிருக்கவே மாட்டேன். பத்து எண்ணுவதற்குள் காயில் ஆறாது. உங்களுடையது ஏர் லாக்தான், ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது இன்ஜின் சூடு அதிகம், காற்று குறைவு, பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதிக்கும். ஈரோட்டுக்காரர் சொன்னதும் உண்மை, எத்தனால் இதைக் கூட்டும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கெட்டியான பேக்கலைட் அட்டை இருக்கிறதா பாருங்கள். யாராவது அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் காகித கேஸ்கெட் வைத்திருந்தால் சூடு நேராகப் பம்புக்கு ஏறும். பெட்ரோல் பைப் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். மற்றவர்களுக்கும் இதுதான் சோதனை: முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள், இருந்தால் பம்ப் மேல் தண்ணீர் ஊற்றி உடனே செல்ஃப் அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தெறிக்காமல் ஊற்றவும்.

தஞ்சாவூர், பத்மினி: 15 கிலோமீட்டர் போனதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. என்ன செய்ய?

பதில்: மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேலூர், அம்பாசடர்: சூடானால் நிற்கிறது. புதுக் கார்புரேட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள். ஸ்பார்க் பார்க்காமல் யாரும் எதையும் வாங்காதீர்கள்.

நாகர்கோவில், பத்மினி: நிற்கும்போது பெட்ரோல் முள்ளும் கீழே விழுகிறது. பள்ளத்தில் குலுங்கினால் திரும்ப ஓடுகிறது.

பதில்: இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. முள்ளும் இன்ஜினும் சேர்ந்து சாகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான இடம், அதாவது சாவி சுவிட்ச் அல்லது அதன் பின்னால் உள்ள கனெக்‌ஷன். வீட்டுச் சாவிக் கொத்தை அதிலிருந்து கழற்றுங்கள், அந்தக் கனம் சுவிட்சைத் தேய்க்கும். ஒன்று முக்கியம்: உருளும்போது சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பாதீர்கள், ஸ்டியரிங் லாக் இருக்கும் வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு இடதுபுறம் ஒதுங்குங்கள்.

கடலூர்: பானட்டுக்குள் பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு கார்புரேட்டருக்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சைலன்சர் மேல் ஒரு சொட்டு விழுந்தால் வண்டியோடு நீங்களும் போவீர்கள். சூட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஃபில்டர் மாட்டியிருப்பவர்களும் இன்றே அதைத் தள்ளி மாட்டுங்கள்.

மதுரை, பத்மினி: அண்ணா, இன்று நின்றதும் பார்த்தேன், ஸ்பார்க் இல்லை. காயில் 3.1 ஓம். நண்பரின் ஓடுகிற வண்டிக் காயிலை அங்கேயே மாட்டியும் ஸ்பார்க் வரவில்லை.

பதில்: அருமை. அப்படியானால் என் முதல் சந்தேகம் தவறு, காயில் இல்லை. அடுத்த முறை டெஸ்ட் லேம்ப் கொண்டுபோங்கள். சாவி ஆனில், பாயிண்ட் நடுவில் அட்டைத் துண்டு வைத்துத் திறந்த நிலையில், காயிலின் பேட்டரி பக்க டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் லேம்பை வையுங்கள். எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலுக்கு மாற்றுங்கள். அங்கே எரியவில்லை என்றால் கரண்ட் எங்கோ எர்த்தில் இறங்குகிறது. கண்டென்சர் வயரைக் கழற்றுங்கள். உடனே எரிந்தால் சூட்டில் உள்ளே ஷார்ட் ஆகும் கண்டென்சர். அதை மட்டும் மாற்றி, அதே 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எழுதுங்கள்.