நாற்காலி அடிதான் அளவுகோலா?

கேள்வி: ஸ்டோன் கோல்டும் ராக்கும் அண்டர்டேக்கரும் கோலோச்சிய 'ஆட்டிட்யூட்' காலத்து (1990களின் பிற்பகுதி) மல்யுத்தத்தின் பக்கத்தில்கூட இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ. வர முடியுமா? அன்று ரத்தம் இருந்தது, நாற்காலி அடி இருந்தது, உயிரைப் பணயம் வைத்து ஆடினார்கள். இன்று அது குழந்தைகள் நிகழ்ச்சி ஆகிவிட்டது. நேர்மையாகச் சொல்லுங்கள், எந்தக் காலம் சிறந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நேர்மையாகவே சொல்கிறேன். உங்கள் அளவுகோலே தவறு. சிறுவயதில் டிரம்ப் கார்டு ஆடும்போது எடை எவ்வளவு, மார்பளவு எவ்வளவு என்று பார்த்து எதிராளியின் அட்டையைப் பிடுங்கிக்கொள்வோமே, அந்தக் கணக்கைத்தான் இங்கேயும் போடுகிறீர்கள். யார் அதிகம் ரத்தம் சிந்தினார், யார் அதிக உயரத்திலிருந்து விழுந்தார் என்று எண்ணினால் 1998, 1999 ஆண்டுகள் சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டம் என்று தெரிந்தும் நாம் ஏன் உட்கார்ந்து பார்க்கிறோம்? ரிங்குக்குள் நிற்கிற ஒருவர் ஜெயித்துவிட மாட்டாரா என்று மனசு அடித்துக்கொள்கிறது, அதற்காகத்தான். அப்படி அடித்துக்கொள்ள வைத்தார்களா இல்லையா என்று பாருங்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் பெரிய நிகழ்ச்சியான ராயல் ரம்பிளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கைவிலங்கு உண்டு, இரண்டிலும் நாற்காலி உண்டு.

முதலாவது 1999 ஜனவரி 24. ராக்குக்கும், மேன்கைண்ட் என்ற வேடத்தில் ஆடிய மிக் ஃபோலிக்கும் 'ஐ குவிட்' ஆட்டம். தோற்பவர் தன் வாயாலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபோலியின் கைகளை முதுகுக்குப் பின்னால் விலங்கிட்டுவிட்டு, ராக் நாற்காலியால் அவர் தலையில் அடித்தார். கையைத் தூக்கித் தடுக்க வழியில்லை. ஒன்று, இரண்டு அல்ல, பத்துக்கும் மேல். ஃபோலியின் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் ரிங்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அழுதது நடிப்பில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில் கேட்ட 'ஐ குவிட்' என்ற குரல்கூட ஃபோலி அப்போது சொன்னதில்லை, முன்பு கொடுத்த பேட்டியிலிருந்து வெட்டி எடுத்துப் போட்டது. கதைக்கு அந்த ஒலிப்பதிவு போதும் என்னும்போது, பத்தாவது அடி எதற்கு? அந்த அடிகளால் கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இரண்டாவது 2023 ஜனவரி 28, சான் அன்டோனியோ. ரோமன் ரெய்ன்ஸ் தன் குடும்பக் கூட்டமான 'பிளட்லைன்' சூழ நிற்கிறார். அந்தக் குடும்பத்தில் ஒட்டிக்கொள்ள மாதக்கணக்கில் ஏங்கியவர் சாமி ஜெய்ன். சாமியின் நெடுநாள் நண்பர் கெவின் ஓவன்ஸ் ஆட்டத்தில் தோற்றுவிட்டார். அப்புறமும் விடாமல், கயிற்றோடு சேர்த்து அவர் கைகளுக்கு விலங்கு மாட்டி அடிக்கிறார்கள். ரோமன் நாற்காலியைச் சாமியிடம் நீட்டுகிறார்: உன் நண்பனை நீயே அடி. சாமி தயங்குகிறார். நாற்காலியை ஓங்கி, ரோமனின் முதுகில் ஒரே அடி. அரங்கம் வெடித்தது. தலையில் அடியில்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. ரோமனின் தம்பி முறையான ஜே ஊசோ, சாமியை அடிக்கவும் மனமில்லாமல், தடுக்கவும் முடியாமல் ரிங்கைவிட்டு இறங்கிப் போனது அதைவிட வலித்தது. ஒரே ஒரு நாற்காலி அடிக்காக ஏழெட்டு மாதம் பொறுமையாகக் கதை கட்டியிருந்தார்கள். இதையா குழந்தைகள் நிகழ்ச்சி என்கிறீர்கள்?

இதை வைத்து ஆட்டிட்யூட் காலம் மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. அதே ஃபோலிதான் அந்தக் காலத்தின் மிக அழகான இரவையும் கொடுத்தார். மேலே சொன்ன ரம்பிளுக்கு இருபது நாள் முன்பு, 1999 ஜனவரி 4. இவர்களுடைய திங்கட்கிழமை நிகழ்ச்சியான 'ரா' அன்று நேரலை இல்லை, முன்கூட்டியே பதிவு செய்தது. போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' நேரலை. நைட்ரோவின் வர்ணனையாளர், அடுத்த சேனலில் இன்று மிக் ஃபோலி சாம்பியன் ஆகப்போகிறார் என்று முடிவைப் போட்டு உடைத்து, இதற்கெல்லாம் கூட்டம் வருமாக்கும் என்று கிண்டலும் செய்தார். பார்வையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நடந்தது தலைகீழ். லட்சக்கணக்கானவர்கள் அந்த நிமிடமே ரிமோட்டை எடுத்து ராவுக்கு மாறினார்கள். முடிவு தெரிந்தபின் மாறினார்கள் என்பதைக் கவனியுங்கள். வருஷக்கணக்கில் அடிவாங்கிய, அழகோ கட்டுடலோ இல்லாத ஒரு நல்ல மனிதன் பெல்ட்டைத் தூக்கிப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். உங்கள் பொற்காலத்தின் உச்சமே ரத்தத்தால் வந்ததில்லை.

சரி, அன்று இருந்து இன்று இல்லாதது எது? போட்டி. 1996 நடுவிலிருந்து 83 வாரம் தொடர்ந்து நைட்ரோ ராவைப் பார்வையாளர் கணக்கில் தோற்கடித்தது. நொடித்துப்போய்விடுவோம் என்ற பயம் ராவை நடத்திய முதலாளி வின்ஸ் மக்மேனுக்கு இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் போன்ற ஒருவரின் வாய்க்குப் பூட்டுப் போடாமல் மைக்கைக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை எதுவும் நடக்கலாம் என்ற படபடப்பு அங்கிருந்து வந்தது. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வையே வின்ஸ் வாங்கினார், படபடப்பும் போயிற்று. அதற்குப் பின்வந்த மந்தத்துக்கு வீரர்களைக் குறை சொல்லாதீர்கள். ஆளில்லாத களத்தில் ஒரே கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. 2019இல் ஏ.இ.டபிள்யூ. என்ற புதுப் போட்டிக் கம்பெனி வந்தபிறகுதான் கொஞ்சம் சூடு திரும்பியது. ரத்தம்தான் வேண்டும் என்றால் அங்கே தாராளமாகவே கிடைக்கிறது, அதையும் பாருங்கள். உங்கள் ஏக்கம் தீர்கிறதா என்று பாருங்கள்.

உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. ஓவன் ஹார்ட் என்ற வீரர், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவருவதாக ஏற்பாடு. பிடிமானம் விடுபட்டு சுமார் 78 அடி உயரத்திலிருந்து ரிங்குக்குள் விழுந்து இறந்தார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மற்றவர்களை அதே ரிங்கில் ஆடவைத்தார்கள். 2007இல் கிறிஸ் பென்வா என்ற வீரர் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தூக்கில் தொங்கினார். அவர் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், ஆண்டுக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகளால் வரும் கடுமையான சேதத்தை அதில் கண்டார்கள். தலையில் நாற்காலி அடி பிற்பாடு தடை செய்யப்பட்டது, நல்லது. அந்த அடி இல்லையே என்று இன்னமும் வருத்தப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

பெண்கள் விஷயத்துக்கு வாருங்கள். உங்கள் பொற்காலத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய ஆட்டங்களில் பாதி, ஒருவர் உடையை மற்றவர் கிழிப்பது. 2001 மார்ச்சில் ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸ் என்ற வீராங்கனையை ரிங்குக்குள் மண்டியிடவைத்து நாய்போல் குரைக்கச் சொன்னார்கள், அதை டிவியில் காட்டினார்கள். அதே ட்ரிஷ் 2004 டிசம்பரில் லிட்டாவோடு மோதியது ராவின் கடைசி ஆட்டம், அந்த இரவின் முதன்மை ஆட்டம். 2019 ஏப்ரலில், ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவையே பெக்கி லிஞ்ச், சார்லட் ஃபிளேர், ரோண்டா ரௌசி என்று மூன்று பெண்கள் முடித்துவைத்தார்கள். பழைய காலத்தை மகளோடு உட்கார்ந்து பார்க்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இன்றைய நிகழ்ச்சியிலும் எனக்கு எரிச்சல் வரும் இடங்கள் நிறைய. ரிங்கின் தரைவிரிப்பில்கூட விளம்பரம். பலர் பேசுவதைக் கேட்டால் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் சாம்பியனாக இருந்தார், அதில் எத்தனை ஆட்டங்கள் பிளட்லைன் ஆட்களான ஊசோ சகோதரர்களோ சோலோ சிகோவாவோ நடுவில் புகுந்து ஒரே மாதிரி முடிந்தன! சாமி ஜெய்ன் தன் சொந்த மண்ணான மாண்ட்ரியாலில் ரோமனைத் தோற்கடித்திருக்க வேண்டும். கூட்டம் தயாராக இருந்தது, கம்பெனிக்குத்தான் துணிச்சல் இல்லை. அந்தத் தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கெல்லாம் முந்திய ஹல்க் ஹோகன் காலத்தையும் மறந்துவிட வேண்டாம். 1987 ரெஸில்மேனியாவில் ஹோகன் ஆண்ட்ரே தி ஜெயன்ட்டைத் தூக்கிப் போட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே இரவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியதுதான் நல்ல ஆட்டம். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்த்தவர். இன்றைய இளம் வீரர்கள் ஆடும் வேகமான ஆட்டத்துக்கு அங்கிருந்து நேராகக் கோடு இழுக்கலாம்.

எந்தக் காலம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், 1997. ஆட்டிட்யூட் காலம் கருக்கொண்ட ஆண்டு அது, நாற்காலி எண்ணிக்கை இன்னும் ஏறாத ஆண்டு. மார்ச்சில் ரெஸில்மேனியா 13. ஓவனின் அண்ணன் பிரெட் ஹார்ட்டின் பிடியில் ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தமாகக் கிடக்கிறார். ஆமாம், ரத்தம் இருந்தது. ஆனால் நினைவில் நிற்பது அவர் கடைசிவரை தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மயங்கிப்போனது. உள்ளே வரும்போது வில்லனாக வந்த ஆஸ்டின் நாயகனாகத் திரும்பினார். மணி அடித்தபிறகும் அடித்த பிரெட், ஊர்மெச்சிய நாயகன், கூச்சலுக்கு நடுவே வில்லனாக வெளியேறினார். ஒரே ஆட்டத்தில் இருவரையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஜூலையில் பிரெட்டின் சொந்த ஊரான கேல்கரிக்குப் போனால் எல்லாம் தலைகீழ்: அமெரிக்கா வெறுத்த பிரெட்டைக் கனடா தோளில் தூக்கியது, அமெரிக்கா கொண்டாடிய ஆஸ்டினுக்கு அரங்கம் முழுக்க ஊளை. ஹார்ட் குடும்பம் மொத்தமும் கடைசியில் ரிங்குக்குள் நின்றது, ஓவனும்தான்.