கதவில் ஒட்டிய சம்மன்: சட்டக் கேள்வி பதில்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் அப்பா காலத்து வீட்டில் நானும் அம்மாவும் குடியிருக்கிறோம். அதில் பாகம் கேட்டுப் பெரியப்பா மகன் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மனில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் அம்மா வாங்க மறுத்துவிட்டார். வந்தவர் அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் வாங்காததால் வழக்கு நின்றுவிடுமா? எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்? வக்கீல் வைக்க வசதியில்லை.
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நிற்காது. அந்தக் காகிதத்தைப் பசையோடு கிழியாமல் உரித்தெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அமீனா, அதாவது சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர், நேரில் கொடுக்கும் சம்மனை வாங்க மறுத்தால், வாசற்கதவில் ஒட்டிவிட்டு, யார் முன்னிலையில் எப்போது ஒட்டினேன் என்று எழுதி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் குறிப்பை நீதிபதி ஏற்றுக்கொண்டால், நீங்கள் கையெழுத்திட்டு வாங்கியதற்கும் வாங்க மறுத்ததற்கும் வேறுபாடு இல்லை. கையெழுத்துப் போட்டால் பாகத்துக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் நம் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. சம்மனில் இடும் கையெழுத்து அது கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. வழக்கில் உள்ள எதையும் அது ஒப்புக்கொள்வதில்லை.

இனி அந்தக் காகிதத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: மேலே நீதிமன்றத்தின் பெயர், அதன் கீழே வழக்கு எண், நடுவில் ஆஜராக வேண்டிய தேதி. எண்ணுக்கு முன்னால் ஓ.எஸ். என்று இருந்தால், சென்னையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நகர உரிமையியல் நீதிமன்றத்து வழக்கு, சி.எஸ். என்று இருந்தால் உயர் நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும் வழக்கு. மற்ற மாவட்டங்களில் சொத்து வழக்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று மதிப்புக்கு ஏற்பப் படியேறும். சென்னை நகரத்தின் ஏற்பாடு வேறு. 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தபோதே நகர எல்லைக்குள் எழும் வழக்குகளை முதல்நிலையிலேயே விசாரிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டது. பிறகு 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர உரிமையியல் நீதிமன்றம் வந்து அந்தச் சுமையைப் பகிர்ந்துகொண்டது. இன்று வழக்கின் மதிப்பு 1 கோடி ரூபாய் வரை என்றால் நகர உரிமையியல் நீதிமன்றம், அதற்கு மேல் என்றால் உயர் நீதிமன்றம்.

திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 2011இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்டோமே, இனி எங்களுக்கும் பாரிமுனையில் உள்ள சென்னை நகர நீதிமன்றங்கள்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். நீதிமன்ற எல்லை என்பது தனியாக அறிவிக்கப்படுவது. மாநகராட்சி வார்டு மாறியதால் அது தானாக மாறிவிடாது. சம்மனில் அச்சிட்டிருக்கும் நீதிமன்றத்தின் பெயரையே நம்புங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராயபுரத்துப் பெரியவர் ஒருவர், கேஸ் கட்டை மஞ்சள் பையில் மடியோடு அணைத்தபடி, உயர் நீதிமன்ற வளாகத்தில் சிறுவழக்குகள் நீதிமன்றத்து வராந்தாவில் காலை 10 மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கோ அதே வளாகத்தில் இருக்கும் நகர உரிமையியல் நீதிமன்றத்தில். அங்கே நீதிமன்ற ஊழியரான டவாலி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, பதில் இல்லாததால், எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே நடக்கும் வழக்கு ஆகிவிட்டது. மாலை வரை உட்கார்ந்திருந்து, தன்னை யாரும் கூப்பிடவே இல்லை என்று வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த வாய்தாவிலும் அதே இடம், அதே பெஞ்ச். வக்காலத்து வாங்கியிருந்த வழக்கறிஞர் ஒரு துண்டுச் சீட்டில் எந்த மாடி, எந்த அறை என்று எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அவர் இல்லாமலே வந்த தீர்ப்பாணையை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப்போட்டு, செலவுத்தொகை கட்டி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தோம். தோற்கக்கூடிய வழக்கில் தோற்பதை ஏற்றுக்கொள்ளலாம். அறை தெரியாமல் தோற்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் வழக்கில் இனி நடக்கப்போவது இதுதான். சம்மன் உங்களுக்குச் சேர்ந்ததாகக் கொள்ளும் நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது உங்கள் எழுத்துமூலப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கும். இரு தரப்பு உரைகளையும் வைத்து, எதில் தகராறு என்பதை நீதிபதி எழுவினாக்களாக வகுப்பார். பிறகு வாதி தரப்புச் சாட்சி, குறுக்கு விசாரணை, உங்கள் தரப்புச் சாட்சி, வாதுரை, தீர்ப்பு. முதல் வாய்தாவில் யாரும் உங்களைக் கூண்டில் ஏற்றமாட்டார்கள். பத்திரம், வரி ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

வக்கீலுக்கு வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். சம்மனோடு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போவது இன்னும் நல்லது. அதை வாய்தாவுக்கு முந்தைய நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தெருச் சண்டை ஒன்றில் என் தம்பி மீது வழக்கு. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் இருந்த வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குற்றவாளி என்று முடிவு செய்துவிட்டார்களா?
வாசகர், காசிமேடு

பதில்: இல்லை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டு வரையிலும் தலைமை நீதித்துறை நடுவர் 7 ஆண்டு வரையிலும்தான் சிறைத் தண்டனை விதிக்க முடியும். கொலை முயற்சி போன்ற பிரிவு குற்றப்பத்திரிகையில் இருந்தால், அதை அமர்வு நீதிமன்றம், அதாவது செஷன்ஸ் கோர்ட், மட்டுமே விசாரிக்கலாம். ஆகவே நடுவர் ஆவணங்களின் நகலை உங்கள் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வழக்குக் கட்டை மேல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறார். சாட்சி விசாரணை எதுவும் இன்னும் தொடங்கவில்லை. அமர்வு நீதிபதி முதலில் குற்றச்சாட்டு வனைய, அதாவது முறைப்படி எழுத, போதுமான ஆதாரம் உண்டா என்று பார்ப்பார். அந்தக் கட்டத்திலேயே விடுவிக்கக் கோரலாம். எதிர்த்தரப்பில் வழக்கை நடத்துவது உங்கள் தம்பியோடு சண்டையிட்டவர் அல்லர், அரசு. அதனால் அவர் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் மட்டும் வழக்கு முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சென்னை போன்ற பெருநகரங்களுக்கு முன்பு இருந்த பெருநகர நடுவர் என்ற தனி வகுப்பு இல்லை. பழைய காகிதத்தில் ஒரு பெயரும் புதிய காகிதத்தில் இன்னொரு பெயரும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கேள்வி: வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார். அவர் எங்கே வழக்குப் போடுவார்?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி அவர் வாடகை நீதிமன்றத்தை நாட வேண்டும், சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்ற நீதிபதிகளே அந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள். உத்தரவு இல்லாமல் உங்கள் சாமான்களை வெளியே எடுத்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. எழுத்துமூல ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தச் சட்டத்தில் அதற்குத்தான் கனம் அதிகம்.

கேள்வி: பணம் கொடுத்து ஏமாந்து வழக்குப் போட்டேன். இப்போது சமாதானமாகப் போகலாம் என்கிறார்கள். கட்டிய நீதிமன்றக் கட்டணம் போனதுதானா?
வாசகி, வியாசர்பாடி

பதில்: போகவில்லை. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு முன்பு 7.5 விழுக்காடாக இருந்த கட்டணம் 2017இல் 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சமரசத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும். சமரச மையத்துக்குப் போகாமல் நீங்களே பேசி முடித்துக்கொண்டாலும் இந்த உரிமை உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உறுதி செய்திருக்கிறது. சமரச உடன்படிக்கையைத் தாக்கல் செய்யும் அன்றே, கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் மனுவையும் சேர்த்துக் கொடுக்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.