"ஒரு சதம் கடன் இல்லை" என்று ஆலையை விற்கிறார், நம்பலாமா?

கேள்வி: பரந்தனுக்குக் கிட்ட ஓர் அரிசி ஆலை விலைக்கு வருகிறது. உரிமையாளர் கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறாராம். காணி, மெஷின், ட்ரக்டர், பெயர் எல்லாம் சேர்த்துத் தருகிறார். கடன் இல்லை என்கிறார். பிறகு யாரும் கடன் கேட்டு வந்தால் நான் கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் வாங்குவது கம்பனியின் பங்கா, ஆலையின் பொருட்களா? பங்கை வாங்கினால் கம்பனி பட்ட கடன் முழுவதும் கம்பனியோடேயே உங்கள் கைக்கு வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 வீதம், நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் மேலதிகக் கட்டணத்தோடு வரும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்து தனியாள் நடத்திய ஆலை என்றால், கடன் பொதுவாக அவர் தலையில்தான்.

ஆனால் பொருளோடு ஒட்டிய கடன் பொருளோடு வரும். காணிப் பதிவகத்தில் ஈடு இருக்கிறதா, ட்ரக்டரின் லீசிங் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். வங்கி, லீசிங் கடன்களைக் காட்டும் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை அவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வன்னியில் இன்னொன்றும் உண்டு: பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாறினால் அது செல்லாது, நொத்தாரிசு முன்னால் எழுதினாலும்தான்.

சந்தை விலைக்கு மிகக் குறைவாகத் தருகிறார் என்றால் சந்தோஷப்படாதீர்கள். கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற விற்றது என்றும், அது உங்களுக்கும் தெரியும் என்றும் காட்டினால், பவுலியன் வழக்குப் போட்டு அந்த விற்பனையையே அவர்கள் ரத்துச் செய்விக்கலாம்.

எந்தப் பதிவகத்திலும் இல்லாத கடன்தான் எனக்குப் பெரிய கவலை. ஆலை மேசை லாச்சியில் ஒரு கொப்பி இருக்கும்: கமக்காரர் பெயர், மூடை எண்ணிக்கை, கொடுத்த காசு, மிச்சம். காலபோக நெல்லைக் கடனுக்கு வாங்கிய கணக்கெல்லாம் அதில்தான். களஞ்சியத்தில் கிடக்கும் நெல்லிலும் எது ஆலையுடையது, எது கமக்காரர் வைக்கத் தந்தது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். வைக்கத் தந்த நெல்லை உங்களுக்கு விற்க அவருக்கு உரிமையே இல்லை.

இப்படிக் கொப்பிக் கடனுக்கு வழக்குப் போட 1 வருடம்தான் காலம், எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம். இடையில் ஒரு பகுதியைக் கொடுத்தாலோ எழுத்தில் ஒத்துக்கொண்டாலோ காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அதனால் விலையில் ஒரு பங்கை உங்கள் சட்டத்தரணியிடம் ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வையுங்கள், வரும் கடனை அதில் கழிக்கலாம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "கடன் வந்தால் நான் பொறுப்பு" என்ற வெறும் வரியை நம்ப வேண்டாம். கனடா போனவரை எங்கே பிடிப்பீர்கள்? கமக்காரர் வந்து நிற்பது உங்கள் கேற்றடியில்தான். அடுத்த போகத்துக்கு நெல் தர வேண்டியவர்களும் அவர்கள்தான்.

அட்வான்ஸ் கொடுக்க முதல் அந்தக் கொப்பியைக் கேளுங்கள், அதில் உள்ள நாலைந்து பேரை வீட்டில் போய்ப் பாருங்கள். கொப்பியைக் காட்டத் தயங்கினால், அப்புறம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.