கியரைக் குறைத்தால் கார் குலுங்குகிறதா? கிளட்ச் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போதெல்லாம் என் கார் குலுங்குகிறது. ஏற்றும்போது தொல்லை இல்லை. கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தேய்ந்த கிளட்ச் வழுக்கும். காலியான சாலையில், நான்காவது கியரில், 50 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டுவது) எகிறியும் வேகம் கூடவில்லை என்றால்தான் கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமல் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று மொத்தமாக எழுதிக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கியர் ஆயிலில் கலக்கச் சொல்லி விற்கும் மருந்தையும் வாங்காதீர்கள். காரின் கிளட்சை அந்த ஆயில் தொடுவதே இல்லை.

கோளாறு என்ஜின் வேகத்தில் இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும் என்ஜின், இரண்டாவதில் ஏறக்குறைய 3,000 சுற்றியாக வேண்டும். நீங்கள் கிளட்சை மிதித்ததும் அது 1,000 பக்கம் விழுந்துவிடுகிறது. கிளட்சை விட்டதும் சக்கரங்கள்தான் அதை இழுத்து மேலேற்றுகின்றன; குலுக்கல் அதனால்தான்.

முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கிளட்சை முழுக்க மிதித்து இரண்டாவதுக்கு மாற்றுங்கள். கிளட்ச் கீழே இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு. முள் 3,000ஐத் தொட்டு இறங்கத் தொடங்கும்போதே கிளட்சை விட்டுவிடுங்கள். தாமதித்தால் தட்டியது வீண். உடம்பு முன்னால் சாய்ந்தால் தட்டு போதவில்லை, வண்டி பாய்ந்தால் அதிகமாகிவிட்டது.

"கிளட்சை மெதுவாக விடு" என்று மட்டுமே பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அப்படி விட்டால் குலுங்காதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பிளேட் உரசிச் சூடாகித் தேய்கிறது. என்ஜின் அணையாமல் ஓட்டினாலே தேர்வில் தேர்ச்சி என்றிருக்கும்வரை வேறு எதை அவர்கள் சொல்லித் தரப்போகிறார்கள்?

முதல் கியருக்கு மட்டும் இந்த முறை ஆகாது. 30 கி.மீ. வேகத்தில் இரண்டாவதில் 2,200 சுற்றும் என்ஜின், முதல் கியரில் 4,000ஐத் தாண்டிவிடும். வேகத்தடைக்கும் திருப்பத்துக்கும் பெரும்பாலும் இரண்டாவதே போதும். செங்குத்தான மேட்டில் இரண்டாவதும் இழுக்காமல் திணறினால், வண்டி நடை வேகத்துக்கு வரும்வரை பொறுத்து, அதன் பிறகே முதல் கியருக்குப் போங்கள். லீவர் உள்ளே போக மறுத்தால் திணிக்காதீர்கள். கியரும் அது சேர வேண்டிய தண்டும் சுற்றும் வேகங்கள் இன்னும் சமமாகவில்லை என்று, அவற்றைச் சமன்படுத்தும் சிங்க்ரோனைசர் வளையம் தடுத்து நிற்கிறது. திணித்துத் திணித்து அந்த வளையம் தேய்ந்தால், கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும்.